சோதிக்காமலே போட்ட கையெழுத்து

நாரின் என்கிற எங்கள் குளிர் ஊரின் ஆஸ்பத்திரியில் புருல்சாவை யார் என்று கேட்டால் "கோட்டு மாட்டுகிறவள்" என்பார்கள். மூன்று வருடம் அவள் வாசலில் உட்கார்ந்து நோயாளிகளின் கோட்டுகளை வாங்கி மாட்டியது உண்மைதான். அதற்கு முன்பும் இப்போதும் பதிவுகளை வைத்திருக்கும் சர்வர் கம்ப்யூட்டர் அவள் பொறுப்பு என்பதை மட்டும் சௌகரியமாக மறந்துவிடுவார்கள். நான் எக்ஸ்ரே எடுப்பவள். அவளுக்குப் பக்கத்து அறை. நான் மறக்கவில்லை.

ஆறு வருடத்துக்கு முன் சர்வரில் போட்ட புது ஹார்டு டிஸ்க் நாலே மாதத்தில் மண்டையைப் போட்டது. ஆயிரத்துக்கு மேல் பிரசவப் பதிவுகள் அதோடு போயின. டிஸ்க்கைக் கொண்டுவந்து விற்ற ரிஸ்பெக், பெரிய டாக்டர் ஷெரலியின் முன்னால் நின்று கூசாமல் சொன்னான்: "பைகே, சரக்கு புத்தம் புதுசு. புருல்சா எஜேதான் கீழ போட்டுட்டாங்க. என் கண்ணால பாத்தேன்." எங்கள் ஊரில் அண்ணனைப் பைகே என்போம், அக்காவை எஜே என்போம்.

டாக்டர் மறு கேள்வி கேட்கவில்லை. அவளைக் கோட்டு அறைக்கு அனுப்பினார். ரிஸ்பெக் வரும்போதெல்லாம் தன் கோட்டை நீட்டி, "பாத்து எஜே, இதையும் போட்டு உடைச்சிராதீங்க" என்பான். பாவி! அவள் வாங்கி மாட்டுவாள். அவளுக்குப் பதிலாகச் சர்வர் பார்க்க வந்த ஆள் ரஷ்யாவுக்குப் பிழைக்கப் போனதும், வேறு வழியில்லாமல் அவளையே திரும்பக் கூப்பிட்டார்கள்.

போன பிப்ரவரியில் அதே ரிஸ்பெக் இன்னொரு புது டிஸ்க்கோடு வந்தான். கூடவே ஒரு தாள்: "சோதிக்கப்பட்டது, நலம்." அவன் கையெழுத்தும் டாக்டர் கையெழுத்தும் அதில் ஏற்கெனவே இருந்தன. எங்கள் ஊரில் இப்படித்தான், கையெழுத்து முதலில், வேலை பிறகு.

"நீங்களும் ஒண்ணு போட்டுருங்க எஜே, நான் கிளம்பறேன்."

"டீ குடிச்சிட்டுப் போ, தம்பி" என்றாள் அவள். அவ்வளவு இனிப்பாக அவள் பேசி நான் கேட்டதில்லை. டிஸ்க்கைச் சர்வரில் மாட்டிவிட்டு, டாக்டரையும் என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

திரையில் முதல் பதில் வந்தது: நலம். ஓடிய நேரம் பூஜ்யம்.

"மணப்பொண்ணு மாதிரி புதுசு" என்று சிரித்தான் ரிஸ்பெக்.

"இரு, இன்னொரு இடத்துலயும் கேட்டுப் பாப்போம். ஓடின நேரத்த டிஸ்க்கு உள்ளுக்குள்ள தனியா எழுதி வச்சிக்கும். அத அழிக்கணும்னு உன் ஆளுங்களுக்குத் தெரியல."

அவள் தட்டியதும் திரையில் வந்தது: நாற்பத்தோராயிரம் மணி நேரம். நாலரை வருடத்துக்கு மேல் எங்கோ ஓடித் தேய்ந்த கிழம்.

ரிஸ்பெக்கின் முகம் செத்துப்போனது. "எஜே, நமக்குள்ள பேசிக்கலாமே..."

"செத்துப்போன அந்தப் பழசு அலமாரியில இருக்கு. அதையும் இவர் முன்னால மாட்டிப் பாக்கட்டுமா? இல்ல, நீயே சொல்றியா?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "அதுவும் பழசுதான். அவங்க கீழ போடல."

எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. டாக்டர் இருமிவிட்டு, "ஏம்மா, இத அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார்.

"சொன்னேன், பைகே. சோதிக்காம வாங்கினதுன்னு மூணு தடவ சொன்னேன். நீங்க ஃபோனப் பாத்துக்கிட்டே, போம்மான்னீங்க."

அவர் மேஜையிலிருந்த தாளை எடுக்கக் கையை நீட்டினார். "சரி, இத கிழிச்சிரலாம். இவன நான் பாத்துக்கறேன்."

அவள் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இவன் திருடன், பைகே. திருடன் திருடத்தான் செய்வான். நலம்னு கையெழுத்துப் போட்டது நீங்க."

திரையில் இருந்ததை அச்செடுத்து, அந்தத் தாளோடு சேர்த்து உறையில் போட்டு, சுகாதார அமைச்சகத்தின் விலாசத்தை எழுதினாள். டாக்டர் என்னைப் பார்த்தார், நானாவது தடுப்பேன் என்று. நான் உறையை வாங்கிக்கொண்டு நேரே தபால் நிலையத்துக்கு நடந்தேன்.