அக்காவும் பூரானும்

என் அக்கா ராக்காயியோடு வெளியே கிளம்பினாலே எனக்கு எரிச்சல் வந்துவிடும். தன் சப்பாத்து, என் சப்பாத்து, பக்கத்து வீட்டுக்காரன் சப்பாத்து என்று வாசலில் கிடக்கும் காலணியை எல்லாம் கவிழ்த்துத் தரையில் தட்டாமல் நகர மாட்டாள். வீடோ ஜெலாப்பாங்கில், அடுக்குமாடியில்.

“அஞ்சாவது மாடிக்குப் பூரான் லிஃப்ட் புடிச்சா வரும்?” என்று கத்துவேன்.

“வரும்டா. கடி வாங்குனவருக்குத்தான் தெரியும்.”

கடி வாங்கியவர் அவள் புருஷன் சின்னையா மச்சான். ரப்பர் தோட்டத்தில் இருந்த காலம். மழை விட்ட விடியற்காலையில், பால் வெட்டப் போகிற அவசரத்தில் பூட்ஸுக்குள் காலை விட்டார். உள்ளே ஒரு சாண் நீளத்துக்குச் செம்பூரான். அந்தப் பெரிய மனுஷன் தரையில் உருண்டு அழுதார். கால் பூசணிக்காயாக வீங்கியது. பிழைத்துப் பல வருஷம் நன்றாக இருந்து, சர்க்கரை நோயில்தான் போனார். ஆனால் அன்று பூட்ஸை எடுத்துக் கொடுத்தவள் அக்கா. பாவம், அதை அவளால் மறக்கவே முடியவில்லை.

போன மாதம் அவள் மகள் துளசியைப் பெண் பார்க்க சிம்பாங் பூலாயிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளைப் பையன் பவித்ரனும் துளசியும் விரும்பியவர்கள்தான். பையனின் அம்மா சரளா தலையாட்டினால்தான் கல்யாணம். அந்த அம்மாளோ கோபக்காரர் என்று கேள்வி.

“அம்மா, இன்னிக்கு மட்டும் யாரு சப்பாத்தையும் தொடாதீங்கம்மா, பிளீஸ்லா” என்று துளசி கெஞ்சினாள். அக்காவும் சத்தியம் செய்தாள்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது சும்மாவா? பலகாரம், காப்பி எல்லாம் ஒழுங்காக முடிந்தது. சரளா பிடிகொடுக்காமலே எழுந்தார். வாசலில் பவித்ரன் சப்பாத்து போடக் காலை நீட்டினான். அவ்வளவுதான், அக்கா பாய்ந்து அவன் சப்பாத்தைப் பிடுங்கி ஓங்கினாள். அடிக்கத்தான் வருகிறாள் என்று பையன் பின்வாங்கிவிட்டான். டக், டக்! கொஞ்சம் மணல்தான் விழுந்தது.

துளசிக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கு அக்காவைக் கடித்துத் தின்னலாம் போல இருந்தது.

சரளா அவளையே பார்த்தார். “நீங்களும் தோட்டமாக்கா?”

“ஆமாங்க... பால் வெட்டுனவங்க.”

சரளா குனிந்து தன் செருப்பை எடுத்து நீட்டினார். “இதையும் தட்டிருங்க. எங்கப்பாவ ரெண்டு தடவ கடிச்சிருக்கு.”

அக்கா வாங்கித் தட்டினாள். உள்ளே விரல் விட்டும் பார்த்தாள்.

“ஒண்ணும் இல்ல. பயப்படாம போட்டுக்குங்க, சம்பந்தி.”

அதுவரை அந்த வார்த்தையை யாரும் சொல்லவில்லை. சொன்ன பிறகுதான் அக்காவுக்கே உறைத்தது, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சரளா செருப்பை மாட்டிக்கொண்டார். “சரி சம்பந்தி, நல்ல நாளா பாருங்க.”