எங்கள் வீட்டிலிருந்து தொடங்கிய வழி

முழங்கால் ஆபரேஷன் முடிந்து, மூன்று மாதம் வாசலைத் தாண்டக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது எனக்குக் காலைப் பற்றிய கவலை வரவில்லை. புதுக்கடைச் சுற்றுவட்டாரத்தில் எழுந்து நடமாட முடியாமல் படுக்கையில் கிடக்கிறவர்களைப் பற்றித்தான் வந்தது. அவர்கள் வீட்டுக்கெல்லாம் வழி தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். கீரிப்பாறை அரசு ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பால் வெட்டினேன். ஒரு மரத்தைக்கூடக் கத்தி ஆழமாகப் பாய்ந்து காயப்பட விட்டதில்லை. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமும் இல்லை. வேலையிலிருந்து ஓய்ந்த பிறகு மகன் கட்டிய வீட்டுக்கு வந்துவிட்டேன். மகன் வளைகுடாவில். வீட்டில் நானும் மருமகளும். அவள் ஒரு கம்பெனிக்காக வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் நிரல் எழுதுகிறவள்.

புதுக்கடையில் சில நல்ல மனிதர்கள் சேர்ந்து ஒரு நிலையம் நடத்துகிறார்கள். தீராத நோயோடு படுத்திருப்பவர்களை ஒரு நர்ஸ் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பாள். புண்ணைத் துடைத்துக் கட்டுவாள், டியூப் மாற்றுவாள், வலி மாத்திரை கொடுப்பாள். முன்பிருந்த நர்ஸ் காலையில் எங்கள் வீட்டு முன்னால் வந்து ஸ்கூட்டர் ஹாரன் அடிப்பாள். நான் பின்னால் ஏறிக்கொள்வேன். இடக்கை, வலக்கை, நேரே, நிறுத்து. இதுதான் என் வேலை. இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு நம்பரைச் சொல்லிக் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு விளைப் பெயர், அந்தப் பெயர்தான் வீட்டுக்கும். ஒரே பெயரில் நாலு இடத்தில் விளை இருக்கும். செல்போன் படத்தைப் பார்த்துப் போகலாம் என்றால், ரப்பர் தோட்டத்துக்குள் இறங்கியதும் டவர் போய்விடும்.

நான் ஆஸ்பத்திரியில் கிடந்த நேரத்தில் அந்த நர்ஸ் கல்யாணமாகிப் போய்விட்டாள். புதிதாக வந்தவள் தோவாளைப் பக்கத்துக்காரி. அவளை நான் பார்த்ததே இல்லை.

மருமகள்தான் ஒரு யோசனை சொன்னாள். "மாமி, நீங்க ஒவ்வொரு வீட்டுக்கும் வழியை வாயால சொல்லுங்க. நான் ரெக்கார்டு பண்ணுதேன். நிலையத்துல உள்ள கம்ப்யூட்டர்ல ஒரு நிரல் போட்டுக் குடுப்போம். ஆளுக்க பேரை அமுக்கினா ஒங்க கொரல் வழி சொல்லும்."

"நான் செத்தாலும் சொல்லுமா?"

"சொல்லும். எனக்கு அதுதான் பயம்" என்றாள்.

ஒரு வாரம் மத்தியானங்களில் உட்கார்ந்து நாற்பதுக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு வழி சொன்னேன். அவள் நிரலை எழுதி முடித்ததும், சோதித்துப் பார்க்க என்னைத்தான் உட்கார வைத்தாள். "நீங்க இதை ஓட்டிட்டியன்னா ஒலகத்துல எவனும் ஓட்டிருவான்" என்றாள். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். எழுத்துக்கூட்டிப் பெயரைப் படித்து அமுக்கினேன். என் குரல் வந்தது. அத்தனையையும் அமுக்கிப் பார்த்தேன். ஒன்றும் பிசகவில்லை. அவள் அதைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போய் நிலையத்துக் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டு வந்தாள். அங்கே திறந்து பார்த்தாளாம். பெயர்கள் எல்லாம் வரிசையாகத் தெரிந்தனவாம். அதற்குள் கம்பெனியிலிருந்து போன் வந்துவிட்டது. குரல் வருகிறதா என்று பார்க்காமலே திரும்பிவிட்டாள்.

புது நர்ஸ் அதை முதன்முதலில் திறந்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு அவள் போக வேண்டிய முதல் வீடு என் கூட்டுக்காரியின் வீடு. கீரிப்பாறையில் அவளும் நானும் அடுத்தடுத்த பிளாக்கில் பால் வெட்டியவர்கள். இப்போது அவளுக்கு வயிற்றில் புற்று. இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் வலி மாத்திரை கொடுப்பார்கள், கணக்காக. அன்று காலை வேளையோடு அவளிடம் இருந்தது தீர்ந்துவிடும். அடுத்த மாத்திரை இரண்டு மணிக்குள் உள்ளே போகவில்லை என்றால் அவள் என்ன பாடு படுவாள் என்பதை நான் ஒருமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன். அவளுக்குத் துணை ஒரே மகள். தாயைத் தனியே விட்டுவிட்டு அவளால் புதுக்கடை வரை வர முடியாது.

பத்து மணிக்கு நர்ஸ் மருமகளுக்குப் போன் செய்தாள். "அக்கா, பேரை அமுக்கினா சத்தமே வரல. கோப்பு கிடைக்கவில்லைன்னு எழுதி வருது."

மருமகள் முகம் வெளுத்துப்போயிற்று. லாப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு, "நான் நேர்ல வாறேன்" என்று சொல்லிவிட்டுப் போனை என் கையில் தந்தாள். "மாமி, அதுக்குள்ள நீங்க போன்லயே வழியைச் சொல்லுங்க, அவ கெளம்பட்டு."

நான் சொன்னேன். நம்ம வீட்டு முற்றத்திலிருந்து இறங்கி, நேரே போய், சப்பாத்துப் பாலம் தாண்டினதும் வலக்கைப் பக்கம் திரும்பி, மரச்சீனிக் கிழங்கு விளை ஓரமாக ஏறினால் சிலுவை வைத்த ஒரு குருசடி, அதற்கு நேர் மேற்கே ஓட்டு வீடு. கண்ணை மூடிக்கொண்டு போகலாம்.

"அம்மா, உங்க வீடு எங்க இருக்கு?"

"நம்ம வீடு தெரியாதா? யாருட்ட கேட்டாலும் சொல்லுவாவ."

அவள் அதை அதோடு விட்டுவிட்டாள். பிறகு, "சப்பாத்து தாண்டி வலப்பக்கம். அவ்வளவுதானே?" என்று கேட்டாள். அதுதான் என்றேன். வைத்துவிட்டாள்.

பதினொன்றரைக்கு மருமகள் நிலையத்துப் போனிலிருந்து கூப்பிட்டாள். குரல் அழுதுவிடுகிற மாதிரி இருந்தது.

"மாமி, தப்பு எனக்கதுதான். ஒங்க கொரல் கோப்பு எல்லாம் இங்கயும் இருக்கு. ஆனா அது எங்க இருக்குன்னு நிரலுக்குள்ள எழுதுனேன் பாருங்க, அதை எனக்க லாப்டாப்பை மனசுல வச்சே எழுதிட்டேன். சி டிரைவுல தொடங்கி, எனக்க பேரு, அதுக்குள்ள டெஸ்க்டாப்பு, அதுக்குள்ள குரல்னு. இந்த மெஷின்ல எனக்க பேருல ஒரு ஃபோல்டரே கெடையாதுல்லா. இது போய்த் தேடுது, தேடுது, இல்லைன்னுட்டு வருது."

"அப்ப நம்ம வீட்டுல ஓடிச்சே?"

"நம்ம வீட்டுல ஓடத்தான் செய்யும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏட்டி, இவ்வளவு படிச்சவ, ஒனக்க வீட்டு அட்ரஸையா ஊருக்கெல்லாம் எழுதிக் குடுத்த?"

"சிரிக்காதீங்க மாமி. கம்பெனியில புதுசா சேர்ந்த பிள்ளைய இப்படி எழுதினா நான்தான் ஏசுவேன்." மூக்கை உறிஞ்சினாள். நான் சிரித்திருக்கக் கூடாது என்று தோன்றியது. அவள் அந்த நிரலுக்காக ஆபீஸ் வேலை போக மீதி நேரமெல்லாம் உட்கார்ந்தவள். காப்பி ஆறிப்போவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்தவள்.

"விடு, போட்டு மக்கா. சரி பண்ண எவ்வளவு நேரம் பிடிக்கும்?"

"பத்து நிமிசம். நிரல் மொதல்ல தான் எங்க இருக்கோம்னு பாத்துக்கிடணும். அங்கேருந்து பக்கத்துல குரல் ஃபோல்டர் இருக்கான்னு தேடணும். அப்ப எந்த வீட்டுல கொண்டு வச்சாலும் ஓடும்."

போனை வைக்காமலே அவள் தட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு இங்கே சத்தம் கேட்டது. இடையில் கதவு திறக்கிற ஓசையும் நர்ஸின் குரலும் கேட்டன. அவள் திரும்பி வந்துவிட்டாள்! ஒன்றரை மணி நேரம் அலைந்திருக்கிறாள். சப்பாத்துக்கு வந்தாளாம், வலப்பக்கம் திரும்பினாளாம், குருசடியும் இருந்ததாம், ஆனால் மேற்கே வீட்டைக் காணோமாம், யாரோ ஒருவரின் ரப்பர் விளைதானாம். போனில் டவர் இல்லை. கேட்க ஒரு மனிதர் இல்லை.

"என்ன பிள்ளை இவ, வலக்கை எது இடக்கை எதுன்னுகூடத் தெரியாதா?" என்று நான் போனில் கோபப்பட்டேன். மருமகள் தட்டி முடித்தாள். "ஓடுது" என்றாள். அங்கே என் குரல் கேட்டது. போன் வழியாக என் குரலையே நான் கேட்டேன்.

'நம்ம வீட்டு முற்றத்துலேருந்து எறங்கி...'

அவள் அதை நிறுத்தினாள். இன்னொரு பெயரை அமுக்கினாள். 'நம்ம வீட்டுலேருந்து கெழக்க...' இன்னொன்று. 'நம்ம வீட்டுப் பொறத்தால...'

"மாமி" என்றாள், மெதுவாக. "நீங்களும் அதேதான் பண்ணியிருக்கிய."

நான் சிரித்ததற்கு அவள் திருப்பிச் சிரித்திருக்கலாம். அவள் சிரிக்கவில்லை. அதற்காகவே இதைச் சொல்கிறேன்.

எனக்குக் காது சுட்டது. நிலையம் இருக்கிற புதுக்கடை முக்கிலிருந்து வருகிறவள் எங்கள் வீட்டுப் பக்கமே வரமாட்டாள். சப்பாத்துக்கு அவள் அந்தக் கரையிலிருந்து வருவாள். எனக்குப் பாலம் தாண்டி வலக்கை, அவளுக்குத் தாண்டும் முன்னாலேயே இடக்கை. அவள் நான் சொன்னபடியே சரியாகத்தான் திரும்பியிருக்கிறாள். குருசடியும் இரண்டு கரையிலும் ஒவ்வொன்று உண்டு. தோட்டத்தில் நான் லீவு போட்டால் என் மரங்களை வெட்ட வேறு ஆள் வருவாள். அவளுக்கு வழி சொல்லும்போது பால் அளக்கிற கொட்டகையிலிருந்துதான் தொடங்குவேன். எல்லாரும் அங்கிருந்துதானே கிளம்ப வேண்டும். அது தெரிந்தவள்தான் நான். பத்து வருடம் ஸ்கூட்டர் என் வாசலுக்கு வந்து ஹாரன் அடித்ததில், ஊரே என் வாசலில்தான் தொடங்குகிறது என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது.

மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது.

"நர்ஸுட்ட போனைக் குடு" என்றேன். கொடுத்தாள். "மக்களே, தப்பு எனக்கது. நீ சரியாத்தான் போன. நான் இப்ப புதுக்கடை முக்குலேருந்து சொல்லுதேன்."

சொல்லத் தொடங்கினால் வரவில்லை. முக்கிலிருந்து கூட்டுக்காரியின் வீட்டுக்கு நான் ஒருநாளும் போனதில்லை. ஆனால் அவள் வீட்டிலிருந்து முக்குக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறேன். வேலை முடிந்து பையை நிலையத்தில் வைத்து, ஒரு சாயா குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். அதனால் பிளாஸ்டிக் நாற்காலியில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தேன். காலை நீட்டிக்கொண்டு, அவள் வீட்டு வாசலிலிருந்து மனதுக்குள் ஸ்கூட்டரில் ஏறினேன். இரண்டு கையையும் மாறி மாறித் தூக்கிப் பார்த்தேன். இந்தக் கைப் பக்கம் குருசடி, பிறகு இறக்கம், சப்பாத்துக் கரை, அந்தக் கைப் பக்கம் பள்ளிக்கூட மதில், ரேஷன் கடை, முக்கு. ஒவ்வொன்றையும் சொல்லச் சொல்ல அங்கே மருமகள் எழுதிக்கொண்டாள். பிறகு அடியிலிருந்து மேலே, இடக்கை வலக்கையை மாற்றி மாற்றி நர்ஸுக்கு வாசித்தாள். இரண்டு தடவை நானே இடையில் திருத்தினேன்.

"கொமரிப் பிள்ளைய நாங்க ரெண்டு பேரு ஒரு கெழவிக்க பின்னால ஸ்கூட்டர்ல ரிவர்ஸா பொறத்தோட்டுப் போற மாதிரி இருக்கு மாமி" என்றாள் மருமகள். நர்ஸ் சிரித்தாள். அவள் சிரித்து அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன்.

ஒன்றேகாலுக்குக் கூட்டுக்காரியின் மகள் குருசடி மேட்டில் ஏறி நின்று போன் செய்தாள். அங்கேதான் அவர்களுக்கு டவர். "நர்ஸ் வந்தாச்சு சித்தி. மாத்திரை குடுத்தாச்சு. அம்மைக்கு ஒரு பத்து மணியிலேருந்தே வலி தொடங்கிட்டு. ஆனாலும் ஒங்களுட்ட ஒண்ணு சொல்லச் சொன்னா."

"என்னத்த?"

"'இருட்டுல மரத்து மூடு மூடாப் போய்ப் பால் வெட்டினவ, எனக்க வீட்டுக்கு வழி சொல்லத் தெரியாம முழிச்சாளாமே'ன்னு."

"வாய்க் கொழுப்பு கொறையல்லியே" என்றேன்.

பிறகு நாங்கள் இரண்டு பேரும் வேலையைத் திருப்பிச் செய்தோம். நாற்பதுக்கும் மேற்பட்ட வழிகளையும் புதுக்கடை முக்கிலிருந்து தொடங்கி மறுபடி சொன்னேன். தெரியாத இடத்தில் தெரியாது என்று சொல்லி, அந்த வீட்டுக்காரர்களைப் போனில் கேட்டுச் சொன்னேன். முதல் தடவை யாரையும் கேட்டிருக்கவில்லை. மருமகள் நிரலுக்குள் எழுதியிருந்த இடங்களை எல்லாம் வெளியே எடுத்து, ஒரு சின்னக் கோப்பில் தனியாக வைத்தாள். குரல் எங்கே, பெயர் வரிசை எங்கே, எழுத்து எவ்வளவு பெரியதாகத் தெரிய வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். செட்டிங்ஸ் என்பார்கள். நிலையத்தில் வேறு கம்ப்யூட்டர் வாங்கினாலும் அதில் இரண்டு வரியை மாற்றினால் போதுமாம், நிரலைப் பிரிக்க வேண்டாமாம். இந்தத் தடவை என்னை வைத்துச் சோதித்தது போதாதென்று, பக்கத்து வீட்டு டீச்சரின் கம்ப்யூட்டரிலும் கொண்டுபோய்ப் போட்டு ஓட்டிப் பார்த்தாள். பிறகுதான் பென்டிரைவைக் கையில் எடுத்தாள்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி கூட்டுக்காரிக்கு மாத்திரை தீர்கிற செவ்வாய்க்கிழமை வந்தது. காலை ஒன்பதரையிலிருந்து போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முக்கிலிருந்து எல்லா வழியையும் மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்து, கேட்டால் சொல்லத் தயாராக இருந்தேன். பத்து மணி ஆயிற்று. பத்தரை ஆயிற்று. மருமகள் உள்ளே ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தவள் நடுவில் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். நான் இல்லை என்று தலையாட்டினேன். பதினொன்றுக்கு மறுபடி வந்து பார்த்தாள்.

"அவ போன்ல விளிக்கவே இல்லியா?"

"இல்ல."

"அப்ப நர்ஸு வீட்டைக் கண்டுபிடிச்சுட்டா" என்று சொல்லி, அவள் கதவை மூடிக்கொண்டு வேலைக்குப் போனாள். நான் இன்னும் கொஞ்ச நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வாக்கரைப் பிடித்து எழுந்து, உலை வைக்கப் போனேன்.