மூச்சு விட்ட பிணம்

பன்னீரும் டீசலும் கலந்தால் ஒரு வாசனை வரும். அதை எங்கே முகர்ந்தாலும் எனக்குப் பினாங்கின் ஆயர் ஈத்தாமில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடியின் நீண்ட நடைபாதையும், அதில் வெள்ளை வேட்டி கட்டி மல்லாந்து படுத்திருந்த அப்பாவும்தான் ஞாபகத்துக்கு வரும். பன்னீர் அப்பாவின் மேல் தெளித்தது. டீசல், கீழே வண்டிகள் நிற்கும் இடத்தில் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டரிலிருந்து படிக்கட்டு வழியாக ஏறி வந்தது. அப்பா அன்றைக்குச் சாகவில்லை, செத்தவராக நடித்துக்கொண்டிருந்தார்.

‘லிப்ட் நிற்காத மாடி’ என்ற பேய்த் தொடரை என் வயதுக்காரர்களில் பலர் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் அடுக்குமாடி ‘புளோக்’கில் லிப்ட் எல்லா மாடியிலும் நிற்காது, மூன்று மாடிக்கு ஒருமுறைதான் நிற்கும், இடையில் இருப்பவர்கள் காய்கறிப் பையையும் கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு ஏறியோ இறங்கியோ வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். அப்படி லிப்ட் நிற்காத ஒரு மாடியில் ஒருவர் இறந்துபோகிறார், அதற்குப் பிறகு லிப்ட் அந்த மாடியில் தானாக நிற்கத் தொடங்குகிறது என்பதுதான் கதை. ஓடிய காலத்தில் அதைப் பெரிதாக யாரும் மதிக்கவில்லை. இப்போது அதற்கு ரசிகர் கூட்டம் இருக்கிறது, அதன் வசனங்களைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். புது நடிகர்களை வைத்து மறுபடியும் எடுத்திருக்கிறார்கள், அடுத்த மாதம் வருகிறதாம். அதற்கு முன்னோட்டமாகப் பழைய தொடரைத் தூசி தட்டி இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள்.

அப்பா நடிகர் இல்லை. ஜெலுத்தோங்கில் ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறையில் வேலை செய்தார். படப்பிடிப்புக்கு வந்தவர்களின் வேன் எங்கள் புளோக்குக்குக் கீழேயே நின்றுபோய், அப்பா போய்க் கிளப்பிக்கொடுத்தார். பிணமாகப் படுக்க ஏற்பாடு செய்திருந்த ஆள் அன்றைக்கு வரவில்லை. வேனுக்கடியிலிருந்து எண்ணெய்க் கையோடு வெளியே வந்த அப்பாவை இயக்குநர் மேலும் கீழும் பார்த்தார். அவ்வளவுதான், எங்கள் வீட்டுக்குள் சினிமா நுழைந்துவிட்டது. எந்த நேரத்தில் நுழைந்ததோ என்று அம்மா இன்றைக்கும் சொல்வார்.

அப்பாவுக்கு ஆஸ்துமா, எங்கள் பேச்சில் ‘இழுப்பு’, உண்டு. சட்டைப் பையில் எப்போதும் நீல நிற ‘பம்ப்’ இருக்கும், இழுப்பு வரும்போது வாயில் வைத்து அழுத்திக்கொள்வார். பிணத்தின் மூக்கில் பஞ்சு வைக்க ஒப்பனைக்காரர் குனிந்தபோது அப்பா துள்ளி எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

“பஞ்சு மட்டும் வேணாம் தம்பி. எனக்கு இழுப்புலா. செத்துறப் போறேன்.”

நடைபாதை முழுக்கச் சிரிப்பு. மாரடித்து அழுவதற்காகப் பக்கத்து வீட்டுப் பெண்களையே உட்கார வைத்திருந்தார்கள், அதில் சரசு அக்கா சிரித்த சிரிப்பில் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு முறையும் அப்பா மூச்சைப் பிடித்துப் பார்த்தார், முடியவில்லை. வேட்டிக்கு மேலே அவருடைய வயிறு ஏறி இறங்கியது. இயக்குநர் சலித்துப்போய், மாலையைக் கொஞ்சம் கீழே இழுத்து வயிற்றை மறைத்துவிட்டு, போதும் என்றார்.

அப்போதுதான் அந்த ஒப்பனைக்காரர் வாயைத் திறந்தார். வயதான மனிதர், நாடக மேடையில் இருந்து வந்தவர். “பொணமா படுத்தவர சும்மா எழுப்பக்கூடாது சார். கேமராவப் பாத்து ஒரு தடவ சிரிக்க வச்சு எடுத்துருங்க. அதான் வழக்கம்.” செத்தவராகவே ஒருவருடைய படம் முடிந்துவிடக்கூடாது, கடைசிப் படம் உயிருள்ள சிரிப்பாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் தொழிலில் காலங்காலமாக இருக்கிற நம்பிக்கை. வாசலில் நின்ற அம்மாவுக்கு அது அதுவரை தெரியாது. தெரிந்தபின் விடுவாரா? “சிரிக்க வச்சு எடுங்க தம்பி, ஒரு நிமிசந்தானே” என்று கேட்டார். கொடிமலைப் பக்கம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. வெளிச்சம் போவதற்குள் மாடிப்படிக் காட்சியை எடுத்தாக வேண்டும், இதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இயக்குநர் கேமராவைத் தூக்கச் சொல்லிவிட்டார். அந்த அப்புறம் வரவே இல்லை.

அப்பா முகத்துப் பவுடரைக் கழுவிக்கொண்டே, “நான் சும்மாவே சிரிச்சிட்டேன்லா, அது போதாதா?” என்றார். அம்மாவுக்குப் போதவில்லை. உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார், தலைக்கு ஊற்ற வைத்தார், அப்படியும் மனசு ஆறவில்லை. அந்த ஒப்பனைக்காரர் அந்த வழக்கத்தைச் சொல்லாமலே இருந்திருக்க வேண்டும், இல்லையென்றால் செய்துவிட்டுப் போயிருக்க வேண்டும். சொல்லிவிட்டுச் செய்யாமல் போனதுதான் அநியாயம்.

தொடர் ஒளிபரப்பானபோது சரசு அக்கா வீட்டில் மாடியே கூடியிருந்தது. அப்பா முன் வரிசையில் மாப்பிள்ளை போல உட்கார்ந்திருந்தார். அந்தக் காட்சி வந்ததும் அம்மா எழுந்து வெளியே போய்விட்டார். திரையில் அப்பா கிடந்தார், பெண்கள் அழுதார்கள், ஊதுபத்தி புகைந்தது. மாலையால் மறைத்தும் பயனில்லை, மாலையும் சேர்ந்து ஏறி இறங்கியது. யாரோ ஒரு பையன், “ஏய், பொணம் மூச்சு வுடுது!” என்று கத்தினான். வீடே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள்.

மறுநாள் என் தமிழ்ப்பள்ளி முழுக்க அதே பேச்சு. “உங்கப்பா மூச்சு வுடுறாருடி” என்று பையன்கள் என் பின்னாலேயே வந்து, வயிற்றை உப்பி உப்பிக் காட்டினார்கள். நான் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தபோது அப்பா என்னைத் தூக்கி மோட்டார் சைக்கிளின் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு சொன்னார்: “உயிரோட இருக்கறவன பொணமாப் படுக்கச் சொன்னா மூச்சு வரத்தாம்மா செய்யும். அவனுங்களுக்கு என்னா தெரியும்.” எனக்கு அது நியாயமாகப் பட்டது. அன்றிலிருந்து கேலி செய்தவர்களிடம் ஆமாம், விடுவார், உனக்கென்ன என்று பதில் சொல்லப் பழகிக்கொண்டேன்.

அடுத்த ஆண்டு புகைமூட்டம் வந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் காடு எரிந்து, அந்தப் புகை பினாங்குக்கு மேல் வந்து படுத்துக்கொண்டது. கொடிமலை காணாமல் போயிற்று, பிறகு எதிர் புளோக்கும் காணாமல் போயிற்று. பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். அம்மா ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துணி அடைத்து வைத்தார். அப்பா வாயில் துணியைக் கட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனார், போக வேண்டாம் என்று அம்மா கையைப் பிடித்து இழுத்தும் போனார். பட்டறையிலேயே இழுப்பு வந்திருக்கிறது. பம்பை அழுத்தி அழுத்தி, அது தீர்ந்துபோய், மற்றவர்கள் காரில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

லிப்டில் சவப்பெட்டி நுழையவில்லை. படிக்கட்டு வழியாக, தொடரில் தூக்கிவந்த அதே படிகளின் வழியாகத்தான் தூக்கி வந்தார்கள். அதே நடைபாதை. அதே பெண்கள். சிரிப்பை அடக்க முடியாமல் அன்றைக்குப் படாத பாடு பட்ட சரசு அக்காவை, இன்றைக்கு அழுகையை நிறுத்தச் சொல்லி நான்கு பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். “ராஜு அண்ணே, எந்திரிங்கண்ணே” என்று அவர் கதறியதைக் கேட்டு எனக்கு உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை வந்தது. பெரியவர்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. போன முறையும் இப்படித்தான் அழுதார்கள், போன முறையும் அப்பா எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தாரே.

அப்பாவின் மூக்கில் பஞ்சு வைத்திருந்தார்கள். பஞ்சு வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அதுதான் எனக்கு முதலில் பயத்தைக் கொடுத்தது. நான் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று, மாலைக்குக் கீழே வயிறு இருக்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் சிமிட்டினால் தவறிவிடும் என்று கண் எரிய எரியப் பார்த்தேன். என்னைத் தவிர வேறு சில பிள்ளைகளும் அங்கேதான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் நான் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்து, “இன்னும் மூச்சு வுடலம்மா” என்றேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. “சிரிக்க வைக்காம எழுப்பிட்டானுங்க, சிரிக்க வைக்காம எழுப்பிட்டானுங்க” என்று அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். இறப்புச் சான்றிதழில் இழுப்பு என்று எழுதியிருந்தது, ஊரெல்லாம் புகை என்றது. அம்மாவின் கணக்கில் மட்டும் அப்பா இறந்தது அந்த மழைக்கு முந்தைய மாலையில். படம் எடுத்தவர்கள்மேல் இருந்ததைவிட அம்மாவுக்குத் தன்மேலேயே அதிகக் கோபம். வாசலில் நின்றவள் இன்னும் இரண்டு வார்த்தை அழுத்திக் கேட்டிருக்கலாமே என்பார். எத்தனையோ வருடம் அதை நான் கேட்டுவிட்டேன். கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த இயக்குநரின் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போலிருக்கும்.

சரசு அக்கா வீடியோ டேப்பில் அந்தக் காட்சியைப் பதிவு செய்து வைத்திருந்தார். பல வருடம் கழித்து நான் போய்க் கேட்டபோது, அலமாரிக்குள் அது பூஞ்சை பிடித்து, நாடா வெள்ளையாய்ப் பூத்துப் போயிருந்தது. பினாங்கு ஈரத்தில் எது நிற்கும்? அப்பாவின் புகைப்படங்கள் நாலைந்து உண்டு, எல்லாம் விறைத்து நிற்கும் கல்யாணப் படங்கள். அவர் அசைந்து நான் பார்க்க இருந்தது அந்த ஒரு காட்சி மட்டுமே, அதிலும் அவர் வயிறு மட்டுமே.

அதனால்தான் பழைய தொடரை இணையத்தில் ஏற்றப் போகிறார்கள் என்று தெரிந்ததும் நான் அம்மாவை நச்சரிக்க ஆரம்பித்தேன். அம்மா இப்போது சிம்பாங் அம்பாட்டில் என்னோடு இருக்கிறார். முட்டி வலி, கண்ணில் புரை, வாய் மட்டும் பழைய கூர்மை. “அந்த எழவ நான் பாக்கமாட்டேன்” என்று முதலில் சொன்னார். நானும் விடவில்லை. நீ ஒரு தடவைகூட அதைப் பார்க்கவில்லையே அம்மா, அதில் அப்பா செத்துப்போயிருக்கவில்லை, மூச்சு விடுகிறார், உயிரோடு இருக்கிறார், உன் கண்ணால் அதைப் பார்த்தால் உன் மனசில் இருக்கிற முள் விழுந்துவிடும் என்று மன்றாடினேன். கேமரா சிரிப்பை எடுக்கவில்லை, ஆனால் மூச்சை எடுத்திருக்கிறது, அதுவும் உயிர்தானே என்றேன். அதைக் கேட்டுத்தான் அம்மா இறங்கி வந்தார். “சரி, போடு” என்று சொன்னபோது அவர் குரல் கல்யாணப் பெண்ணின் குரல் போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். அம்மா குளித்து, நல்ல சேலை கட்டி, நெற்றியில் திருநீறு பூசி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். படம் நம்ப முடியாத அளவுக்குத் தெளிவாக இருந்தது. எங்கள் நடைபாதை, எங்கள் கதவு, கம்பியில் காய்ந்த என் பள்ளிக்கூடச் சீருடைகூடத் தெரிந்தது. இன்று அங்கே லிப்ட் எல்லா மாடியிலும் நிற்கிறது, ஜெலுத்தோங் பட்டறை இருந்த இடத்தில் கார் கழுவுகிறார்கள், சரசு அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டார். திரையில் எல்லாம் அப்படியே இருந்தன. பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். அப்பா வந்தார். வெள்ளை வேட்டி, மாலை, பக்கத்தில் ஊதுபத்தி.

நான் வயிற்றைப் பார்த்தேன். பிறகு ஊதுபத்தியைப் பார்த்தேன். அதன் புகை மேலே போகாமல் நடுவில் கம்பி போல நின்றுகொண்டிருந்தது. அழுகைச் சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு விளங்கிவிட்டது. பழைய தொடரில் இருந்த குறைகளையெல்லாம் சரி செய்து தருகிறோம் என்று விளம்பரத்தில் பெருமையாகப் போட்டிருந்தார்கள், அதைப் படித்தபோது எனக்கு உறைக்கவில்லை. ஊரே சிரித்த குறையை விட்டுவைப்பார்களா? அந்தக் காட்சியை அசையாத படமாக நிறுத்தி வைத்து, மேலே சத்தத்தை மட்டும் ஓட விட்டிருக்கிறார்கள். புதுத் தொடரில் அப்பாவின் இடத்தில் படுக்கப்போகிற நடிகர் மூச்சை நன்றாகவே அடக்குவார், அதில் சந்தேகமில்லை.

அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. கண்ணாடியை மூக்கில் அழுத்திக்கொண்டு, முன்னால் சாய்ந்து, மாலைக்குக் கீழே நான் சொல்லியிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் சிமிட்டவில்லை. நான் நிறுத்தப் போனேன், கையைத் தட்டிவிட்டார். காட்சி மாறப்போகிற நேரத்தில் என் புறங்கையைப் பிடித்துக்கொண்டு, சின்னக் குரலில் கேட்டார்.

“இன்னும் மூச்சு வுடலியேடி?”