அடிபிடித்த குழம்பு

என் கணவருக்குத் தாராவியில் ஒரு மசாலா மில் இருக்கிறது. மிளகாய், மல்லி, மஞ்சள் என்று வறுத்து அரைத்துக் கொடுக்கிற சின்ன மில். உள்ளே ஆட்கள் வறுத்துக்கொண்டிருப்பார்கள்; இவர் வாசலில் நின்று யாரிடமாவது வாயடித்துக்கொண்டிருப்பார். வாசனை பக்குவத்துக்கு வந்ததும் திரும்பிப் பார்க்காமலே "இறக்கு" என்று குரல் கொடுப்பார். வீட்டிலும் அந்த மூக்கு சும்மா இருக்காது. செம்பூரில் எங்கள் ஃபிளாட்டுக்கு மாடிப்படி ஏறும்போதே இன்றைக்கு என்ன குழம்பு, அதில் வெந்தயம் கூடிவிட்டதா என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். கல்யாணமான புதிதில் அந்த மூக்கை நான் திட்டாத நாள் இல்லை.

அவருக்குக் கொரோனா வந்து போனது. காய்ச்சல் இறங்கியது, உடம்பு தேறியது, மூக்கு மட்டும் திரும்பவில்லை. முதலில் கொஞ்ச காலம் அவருக்கு எல்லாமே தீய்ந்த வாடை அடித்தது. டீ, சோப்பு, குடிக்கிற தண்ணீர், என் தலைமுடி, ஒன்று பாக்கியில்லை. பிறகு அந்தப் பொய் வாடையும் போய், ஒன்றுமே இல்லாமல் ஆனது. ஒருநாள் மில்லில் மல்லி கருகிப் புகை கண்ணை எரித்த பிறகுதான் அவருக்கு விஷயமே தெரிந்தது. அதற்குப் பிறகு அவர் மில்லுக்குச் சரியாகப் போகவில்லை. நான் எதை ஆக்கி வைத்தாலும் பேசாமல் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினார். சாப்பாட்டில் குற்றம் சொல்லாத புருஷன் வேண்டும் என்று ஒரு காலத்தில் ஆசைப்பட்டிருக்கிறேன். அப்படி ஒருவர் கிடைத்தபோது என்னால் தாங்க முடியவில்லை.

தினமும் எதையாவது முகர்ந்து பழகச் சொன்னார் டாக்டர். காலையில் பெருங்காய டப்பாவை நீட்டுவேன். முகர்ந்து பார்த்து உதட்டைப் பிதுக்குவார். போகப் போக டப்பாவைப் பார்த்தாலே அவருக்கு எரிச்சல் வந்தது. அந்தச் சமயத்தில்தான் சயானிலிருந்து ஒருவர் வந்து மில்லை வாடகைக்குக் கேட்டார். திங்கட்கிழமை பதில் சொல்வதாக இவர் ஒப்புக்கொண்டுவிட்டார்.

"மூக்கு போனவனுக்கு மில்லு எதுக்கு? குடுத்துருவோம்" என்றார் என்னிடம். மில் இல்லாமல் அந்த மனிதர் ஹால் சோபாவில் உட்கார்ந்தே பாழாய்ப் போவார் என்று எனக்குத் தெரியும்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, எங்கள் கல்யாண நாள். வாஷியில் வேலை பார்க்கும் எங்கள் மகள், கோட்டைப் பக்கம் இருக்கிற ஒரு பழைய பெரிய ரெஸ்டாரண்டில் மேஜை பிடித்துவிட்டு வந்து சொன்னாள். இவர் வரமாட்டேன் என்றார்.

"எனக்கு எதைத் தின்னாலும் மண்ணுதான். எதுக்கு வீணா துட்டக் கொட்டுத?"

"தெரிஞ்ச சாப்பாடுன்னாதானப்பா பழைய ருசி ஞாபகம் வரும்? இது நமக்குத் தெரியாத சாப்பாடு. ஏற்கெனவே புக் பண்ணிட்டேன், கேன்சல்லாம் ஆவாது. சுப்சாப் பேசாம கிளம்புங்க" என்றாள்.

ஹார்பர் லைன் ரயிலில் கடைசி ஸ்டேஷன் வரை போய் இறங்கினோம். கருங்கல் கட்டடம், எட்டாத உயரத்தில் கூரை, கஞ்சி போட்ட வெள்ளை மேஜைத்துணி. பிரெஞ்சுக்காரர்களும் புதுச்சேரிக்காரர்களும் சம்பந்தம் செய்துகொண்ட ஒரு குடும்பம் பல தலைமுறைக்கு முன் தொடங்கியதாம். இரண்டு பக்கத்துச் சமையலும் கலந்த அந்த வகைக்குக் கிரியோல் என்று பெயர் என்றாள் மகள். எனக்கு அந்த இடத்தில் சத்தமாக இருமக்கூடப் பயமாக இருந்தது. எல்லோரும் கோவிலில் பேசுவது மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள்.

மகளுக்குத் தேங்காய்ப்பாலில் வெந்த மீன். எங்கள் இருவருக்கும் கறுத்த குழம்பில் வாத்துக்கறி. மைதானம் மாதிரி தட்டு, நடுவில் நாலு வாய்க்குக் கறி. இவர் ஒரு துண்டை வாயில் வைத்தார். மெல்லுவதை நிறுத்தினார்.

"தீய்ஞ்ச வாடை அடிக்கு" என்றார்.

பழைய பொய் வாடை திரும்பிவிட்டது என்றுதான் நினைத்தேன். என் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துப் பார்த்தேன். லேசான கசப்பு, அந்தக் குழம்பே அப்படித்தானோ என்னவோ. பரிமாறுகிறவரை மகள் கூப்பிட்டுக் கேட்டாள். மாவை வெண்ணெயில் கறுக்க வறுத்துச் செய்கிற குழம்பு இது, அந்த வாசனைதான் என்று அவர் ஹிந்தியில் பணிவாகச் சொன்னார்.

"வறுத்த வாசனை வேற, அடிபிடிச்ச வாசனை வேற" என்றார் இவர். சொல்லிவிட்டு மில்லில் சரக்கு பார்க்கிற மாதிரி தட்டைத் தூக்கி மூக்குக்கு நேரே பிடித்தார். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்பா, தட்டைக் கீழ வைங்க" என்று மகள் பல்லைக் கடித்தாள். அவர் காதில் வாங்கவில்லை. மகளின் மீனை இழுத்து முகர்ந்தார். ரொட்டியை முகர்ந்தார். தண்ணீர் டம்ளரை முகர்ந்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, அந்த ஹாலில் எல்லோர் முன்னாலும், என் தலையில் மூக்கை வைத்தார். மாட்டுங்காவில் வாங்கிய மல்லிகைப்பூ வைத்திருந்தேன்.

"எதுலயும் இல்லட்டி. இந்தக் குழம்புல மட்டும்தான் இருக்கு" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "பூவு லேசா வருது" என்றார்.

எனக்கு நம்பப் பயமாக இருந்தது. பரிமாறுகிறவர் தட்டை உள்ளே எடுத்துப்போயிருந்தார். அந்த ஹாலில் குழம்பு தீய்ந்திருக்க வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பரிமாறுகிறவர் திரும்பி வந்து, பாத்திரத்தின் அடி பிடித்துவிட்டது, மன்னிக்க வேண்டும், வேறு செய்து தருகிறோம் என்றார்.

"அச்சாசே ஜலா ஹை நா?" என்று கேட்டேன். நன்றாகத்தானே தீய்ந்திருக்கிறது என்று முகமெல்லாம் சிரிப்பாக ஒருத்தி கேட்டால் அவர் பாவம் என்ன பதில் சொல்வார்? அந்தத் தீய்ந்த குழம்பையே ஒரு டப்பாவில் பார்சல் கேட்டேன். மகள் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை.

வந்த மூக்கு இன்றைக்கு மட்டும்தானோ, விடிந்தால் போய்விடுமோ என்று ரயிலில் நான் மடியில் டப்பாவை இறுகப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை காலை, அவர் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தம் காட்டாமல் அந்தக் குழம்பை வாணலியில் ஊற்றி அடுப்பைப் பற்றவைத்தேன். கரண்டிகூடப் போடவில்லை. குழம்பு ஓரத்தில் கொதி வந்தது. ஹாலில் பேப்பர் புரளும் சத்தம் நின்றது.

"ஏட்டி, அந்த அடிபிடிச்ச சனியன எதுக்கு மறுபடியும் சூடு பண்ணுத? வீடெல்லாம் நாறுது!"

பிறகு ஆணியிலிருந்து மில் சாவியை எடுக்கும் சத்தம் கேட்டது. நான் அடுப்பை அணைக்கவில்லை.