ஒண்ணே ஒண்ண மட்டும் புடுங்கியிருக்கணும்

மொதல்லயே சொல்லிடறேன், அந்த பொம்மைய நெனச்சா எனக்கு இன்னும் வயிறு எரியுது. காலேஜ் முடிச்சாச்சு, எரிச்சல் மட்டும் அப்படியே இருக்கு.

நாங்க குமாரபாளையம். ஊட்ல ஜக்கார்டு தறி. மாமனுக்கு மேட்டூர்ல கெமிக்கல் கம்பெனி வேலை. அங்க மெஷின் மாட்ட வந்த வெள்ளக்காரர் ஊருக்கு கெளம்பறப்ப, தன் பையனோட பொம்மைய மாமங்கிட்ட குடுத்துட்டு போயிட்டார். அது போய்ச் சேந்தது மாமன் பையங்கிட்ட. எங்கூட ஒம்பதாவது படிச்சவன்.

கம்ப்யூட்டராம் அது. கரண்டு கெடையாது, பேட்டரி கெடையாது. மூணு செவப்பு பிளாஸ்டிக் பட்டை, ஒவ்வொண்ணுலயும் சைபரோ ஒண்ணோ தெரியும். சின்னச் சின்ன குழாய, கூட வந்த புக்குல போட்டபடி பட்டையில நீட்டிட்டு இருக்கற முளையில மாட்டி, கைப்பிடிய தள்ளுனா 000, 001, 010னு 111 வரைக்கும், அதாவது சைபர்லருந்து ஏழு வரைக்கும் எண்ணும்.

நான் கிட்டப் போனா, "தொடாத மாப்ள, உன்னுது கஞ்சிக் கையி"ம்பான். பாவு நூலுக்கு கஞ்சி போடற ஊட்டுக்காரன் கை வேற எப்படி இருக்கும்?

தொடாமயே பாத்தேன். அட, நம்ம தறி அட்டை. அட்டையில ஓட்டை இருந்தா நூலு மேல, இல்லாட்டி கீழ. இங்க ஒவ்வொரு குழாய்க்கும் ரெண்டு முளை, ஒண்ணுங்கறதுக்கு ஒரு முளை, சைபருக்கு ஒரு முளை. எனக்கு புரிஞ்சு போச்சு. அவனுக்கு புக்கு இல்லாம ஒண்ணும் தெரியாது. ஆனா பொம்மை அவனுது.

ஸ்கூல்ல சயின்ஸ் எக்ஸிபிஷன். மொத பரிசு வாங்கறவன் சேலம் போவான். அவன் அந்த பொம்மைய வெச்சான், என்னுது காலிங் பெல். எனக்கு சேலம் போயே ஆகணும்.

எக்ஸிபிஷன் அன்னிக்கு அவன் தண்ணி குடிக்க போன நேரம் பாத்து, எல்லா குழாயையும் புடுங்கி எதிர் முளையில மாட்டிட்டேன். சும்மா சொல்லக்கூடாது, ஒண்ணு உடாம நீட்டா மாட்டுனேன்.

பரிசு குடுக்க வந்த இன்ஜினியர் முன்னாடி தள்ளுனான். 000 போயி 111. அப்பறம் 110. அப்பறம் 101. ஏழு, ஆறு, அஞ்சு.

"என்னப்பா, எறங்குது?"

பட்டுனு சொன்னான்: "ஆமாங்க சார். ராக்கெட்டு உடறதுக்குங்க."

அவனுக்கே மொத பரிசு.

எனக்கு அப்பத்தான் ஒறைச்சுது. அட்டையில ஓட்டைய மொத்தமா மாத்துனா டிசைன் கெடாது, துணிக்கு அடிப்பக்கமா வரும். ஒரே ஒரு ஓட்டை தப்புனாத்தான் துணி நாறும். தறிக்காரன் புத்தி, கெடுக்கறதக்கூட ஒழுங்கா செஞ்சு தொலைச்சிருக்கேன்.

ஒரு வாரம் கழிச்சு வந்தான். புக்க பாத்து திரும்ப மாட்டிட்டானாம். இப்ப ஏறுதாம், எறங்க மாட்டேங்குதாம்.

"சேலத்துல ராக்கெட்டு காட்டணும்டா. நீ கொஞ்சம் பாரேன்."

ரெண்டு நிமிஷ வேலை.

"என்னுது கஞ்சிக் கையி மாப்ள"ன்னுட்டேன்.

சேலத்துல ஏத்தி மட்டும் காட்டிட்டு, வெறுங்கையோட வந்தான். எனக்கு மனசு குளுந்துச்சான்னா, இல்ல. பஸ் ஏறி சேலம் போயிட்டு வந்தது அவந்தான.