ஈரத் துண்டு

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்பு கரமனையில் பழைய மோட்டார் சைக்கிள் விற்ற ஒரு தரகரின் தோளில் எப்போதும் ஓர் ஈரத் துண்டு கிடக்கும். கட்டை மீசை, வெற்றிலை வாய். வெயிலே ஏறாத காலையில் அந்தத் துண்டு ஏன் நனைந்திருக்கிறது என்பதுதான் என்னை உறுத்தியது.

விதுராவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் எனக்கு சர்வேயர் வேலை. பாதை முழுக்க உருளைக்கல்லும் காட்டாறும். இருந்தாலும் பெரிய, பளபளப்பான வண்டியில்தான் என் கண் விழுந்தது. அவர் உதைத்துக் கிளப்புவதற்கு முன் எஞ்சினைத் தொட்டேன். மேலே ஜில்லென்று ஈரம். துண்டு எட்டாத அடிப்பக்கம் சுட்டது.

"ஆறின எஞ்சின் லேசுல கிளம்பாதுன்னு, நான் வர்றதுக்கு முன்னாடியே ஓட்டிச் சூடாக்கி, துண்டால குளிர வச்சிருக்கேள், இல்லையா?" என்றேன்.

அவர் சிரித்தார். "வண்டிய எங்க கொண்டு போகதுக்கு ஸாரே?"

சொன்னேன். சிரிப்பு நின்றது. மூலையில் அழுக்கேறி நின்ற மெலிந்த வண்டியைக் காட்டினார்.

"டவுணுக்குள்ள ஓட்டதுக்குன்னா அந்தப் பெரிசத் தந்திருப்பேன். ஆத்துல சாஞ்சா ஒத்தைக்குத் தூக்கி நிமுத்தணும்லா? இத எடுங்க. நாளைக்கு விடியதுக்குள்ள வந்து, நீங்களே உதைச்சுப் பாருங்க."

மறுநாள் விடியலில் போய் உதைத்தேன். முதல் உதையிலேயே கிளம்பியது. அதன் பிறகு மலையில் அது என்னை ஒருநாளும் கைவிட்டதில்லை.

ஆனால் அன்று விடியலில் உதைப்பதற்கு முன் எஞ்சினின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அவர் தோளில் கிடந்த துண்டு அப்போதும் நனைந்துதான் இருந்தது.