மனிதனைத் தாண்டிப்போய் மானைத் தூக்கினவனுக்கு

கால் உடைந்து கிடந்த மனிதனைத் தாண்டிப்போய் மானைத் தூக்கினவன் நீ. சாம்பல் நிற வான் வண்டியில் வந்த உன்னைத்தான் சொல்கிறேன். உன் பெயர் எனக்குத் தெரியாது. என் பெயர் உனக்குத் தேவையில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன், என் பிழையையும் சேர்த்து.

உள்நாட்டுச் சண்டை முடிந்து, வீதிகளைத் திருத்தி, வாகனங்கள் பறக்கத் தொடங்கியிருந்த காலம். மார்கழி மாதம், விடிந்து கொஞ்ச நேரம்தான். உப்புக்குளத்திலிருந்து நானும் மனைவியும் எங்கள் சின்ன லொறியில் முள்ளிக்குளத்துக்கு மீன் எடுக்கப் போய்க்கொண்டிருந்தோம். லொறி ஓடுவது நான். கரையில் நின்று சண்டை பிடித்து விலை பேசுவது அவள். இருபது வருடமாக லொறி ஓடுகிறேன், ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான்.

என்னை அப்படி ஓட்டப் பழக்கியது மன்னார்க் கழுதை. எங்கள் தீவில் வாகனம் ஓடினவர்களுக்கு இது விளங்கும். நடு வீதியில் கழுதை நிற்கும், படுக்கும், சில வேளை குடும்பமாகக் கூட்டம் கூடும். அதற்கு ஒரே மருந்து ஹோன். நீட்டி அடிக்க வேண்டும். காது கேட்காததுபோல நின்றால் லொறிக் கதவில் கையால் தட்டி, மெல்லமெல்ல முட்டுகிற மாதிரிக் கொண்டுபோனால், ஒரு அடி விலகித் தரும். கழுதை பாயாது. எங்கள் ஊரில் சாரதிப் பழக்கம் என்றால் அதுதான். அந்தப் பழக்கத்தோடு காட்டு வீதிக்குப் போனேன் பார், அதுதான் என் மடத்தனம்.

சிலாவத்துறை தாண்டி வீடுகள் முடிந்து இரண்டு பக்கமும் காடு தொடங்கியது. லேசான பனிப்புகார். உன்னுடைய வான் எனக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தது. ஹோன் அடித்தாய், லைற்றைப் போட்டுப் போட்டு அணைத்தாய். முந்துவதற்கு இடம் இருந்தும் முந்தவில்லை, என்னைத் துரத்தினாய். "ஆருக்கோ பிள்ளைப்பேறு போல, விடுங்கோ போகட்டும்" என்று மனைவி சொன்னாள். நான் விடவில்லை. எனக்கும் ரோசம். வேகத்தைக் கூட்டினேன்.

அப்போதுதான் முன்னால், நடு வீதியில் ஒரு பெண்மான். எங்களைப் பார்த்தபடி அசையாமல் நின்றது. நான் என்ன செய்தேன்? கழுதைக்குச் செய்ததையே செய்தேன். பெரிய லைற்றைப் போட்டு ஹோனை நீட்டி அடித்தேன். அது விறைத்துப் போய் நின்றுவிட்டு, திடீரென்று வலப்பக்கக் காட்டுக்குள் பாய்ந்தது. "பாத்தியே, விலகீட்டுது" என்று மனைவியிடம் பெருமையாகச் சொல்லி, திரும்பவும் அக்சிலேற்றரை அமத்தினேன்.

இடப்பக்கப் பற்றைக்குள்ளிருந்து இரண்டாவது மான் பாய்ந்தது. அதன் வாலைப் பிடித்ததுபோல மூன்றாவது. நான் லொறியை வலப்பக்கம் வெட்டித் திருப்பினேன். மூன்றாவது மான் இடப்பக்க லைற்றில் அடிபட்டு விழுந்தது. வெட்டின லொறி எதிர்ப்பக்கத்துக்குப் போய், அங்கே நின்ற மோட்டார்சைக்கிளில் மோதியது.

ஓம், நின்ற மோட்டார்சைக்கிள். அதுதான் என்னைச் சாகடிக்கிறது. அதில் இருந்த மனிதர் அதை ஓட்டிக்கொண்டு வரவில்லை. நறுவிலிக்குளத்தில் வயல் செய்கிறவர். விதைப்பு முடிந்ததும் மாடுகள் பயிரில் வாய் வைக்காமல் இருக்க, காட்டோரப் பட்டியில் கொண்டுபோய் விட்டிருந்தார். அவற்றைப் பார்த்துவிட்டு வீடு திரும்பியவர், மானைக் கண்டதும் தன் பக்கத்தில் ஓரமாக நிறுத்தி, லைற்றைத் தாழ்த்தி, ஒரு காலை ஊன்றி, கூட்டம் கடக்கட்டும் என்று காத்து நின்றிருக்கிறார். என் லொறி போய் முறித்தது அந்த ஊன்றின காலை.

நான் இறங்கி ஓடினேன். முழங்காலுக்குக் கீழே கால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கிடந்தது. மனைவி "மாதாவே, மாதாவே" என்று கட்டுப்போடத் தன் சேலைத் தலைப்பைக் கிழித்தாள். உன் வான் நின்றது. மூன்று பேர் இறங்கினீர்கள். எனக்கு உயிர் வந்தது. ஆளைத் தூக்க இன்னும் ஆறு கை கிடைத்தது என்று நினைத்தேன்.

நீங்கள் அந்த மனிதரைச் சுற்றிப் போனீர்கள். தலையைத் திருப்பாமல் போனீர்கள். இன்னும் கால் உதறிக்கொண்டிருந்த மானை ஆளுக்கொரு பக்கம் பிடித்து வானுக்குள் ஏற்றினீர்கள்.

என் மனைவி கத்தினாள்: "டேய், மானைப் போட்டிட்டு மனிசனைத் தூக்குங்கோடா!"

நீ என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா? சிரித்துக்கொண்டு சொன்னாய்: "அக்கா, மான் இதில கிடந்தா உங்கட அவருக்குத்தான் கேஸ். நாங்கள் உதவிதான் செய்யிறம்."

இனி எழுதப்போவது எனக்கு வெட்கம். நீ அப்படிச் சொன்னதும் நான் ஒரு கணம் வாயை மூடிக்கொண்டேன். மான் இல்லாமல் போனால் எனக்கு ஒரு தலையிடி குறையும் என்று மனது சொன்னது. வான் இலக்கத்தைக்கூட நான் பார்க்கவில்லை. மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். இன்றைக்கும் சில நேரம் பார்க்கிறாள்.

மீன் பெட்டிகளை ஒதுக்கி, படங்குச் சீலை விரித்து, அந்த மனிதரை நாங்கள் இரண்டு பேருமாக ஏற்றினோம். மனைவி பின்னால் அவரோடு இருந்து காலைப் பிடித்துக்கொண்டாள். வழியில் மழை அடித்து ஊற்றியது. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது அவர் என் கையைப் பிடித்துக் கேட்டார்: "அண்ணை, மானுக்கு ஆரும் ஹோன் அடிப்பினமோ? அது உங்கட தீவுக் கழுதையே? ஒண்டு கடந்தா நிண்டு பாக்கோணும். மான் தனிய வராது." அந்த வலியிலும் ஒரு பகிடி விட்டார்: "நான் வாகனத்துக்கு ஒதுங்கி நிண்டனான். வாகனம் என்னைத் தேடி வந்திட்டுது."

பொலிஸுக்கு நானே போனேன். மான் பாய்ந்தது, லொறியை வெட்டித் திருப்பினேன் என்றேன். "மான் எங்கே?" என்று கேட்டார்கள். மான் இல்லை. வீதியில் இரத்தம் இல்லை, மழை கழுவிவிட்டது. உடைந்த லைற்றைக் காட்டினேன். மோட்டார்சைக்கிளில் பட்டு உடைந்திருக்கும் என்றார்கள். வானைச் சொன்னேன். இலக்கம் என்ன என்றார்கள். உறக்கத்தில் எதிர்ப்பக்கம் போய் ஆளை அடித்துவிட்டு மான் கதை சொல்கிறான் என்று அவர்கள் நினைத்ததில் பிழையே இல்லை. நீ எனக்குச் செய்த "உதவி" அதுதான். லைசென்ஸ் போனால் எங்கள் வீட்டு அடுப்பு அணைந்துவிடும்.

கடைசியில் என்னைக் காப்பாற்றியது நான் கால் முறித்த மனிதர். கட்டிலில் கிடந்தபடி பொலிஸுக்குச் சொன்னார்: "மான் வந்தது உண்மை. அதை வான்காரர் கொண்டுபோனதும் உண்மை. இவர் ஹோன் அடிச்சு, நிக்காமல் வந்ததும் உண்மை." எனக்காக ஒன்றைக் கூட்டவுமில்லை, என்மீது கோபத்தில் ஒன்றைக் குறைக்கவுமில்லை. என்னில் இருந்த பிழைக்கு நான் பதில் சொன்னேன். லைசென்ஸ் தப்பியது. அந்த வருடம் அவர் வயலில் நெல் வெட்டு முடியும்வரை நானும் மனைவியும் போய் வேலைக்கு நின்றோம். மாடுகளையும் நானே போய்ப் பார்த்தேன். அவர் இப்போது நடக்கிறார், ஆனால் ஒரு காலை இழுத்து, தாண்டித் தாண்டி.

இதை வாசிக்கிற சாரதிமாருக்கும் சொல்லுகிறேன். காட்டு வீதியில் விடியவும் பொழுதுபடவும் மெல்லப் போங்கள். மானைக் கண்டால் லைற்றைத் தாழ்த்துங்கள், ஹோனில் கை வைக்காதீர்கள், பிறேக்கைப் பிடித்து நேராக நில்லுங்கள். வெட்டாதீர்கள். நீங்கள் வெட்டுகிற பக்கத்தில் ஒரு மனிதன் காலை ஊன்றி நிற்பான். முதலாவது மான் கடந்ததும் வீதி வெறுமை என்று நினைக்காதீர்கள், இனித்தான் கூட்டம் வரும். பின்னால் நிற்கிறவன் ஹோன் அடித்தால் அடிக்கட்டும். அவனுடைய அவசரத்துக்கு நீங்கள் கொலைகாரர் ஆக வேண்டாம். தப்பித்தவறி அடித்துவிட்டால் முதலில் ஆளைப் பாருங்கள், பிறகு அறிவிக்க வேண்டிய இடத்துக்கு அறிவியுங்கள். அடிபட்ட மான் கறி இல்லை.

நான் இப்போதும் அந்த வீதியில்தான் மீன் எடுக்கப் போகிறேன். அந்த இடம் வந்தால் அக்சிலேற்றரிலிருந்து காலைத் தூக்கிவிடுவேன். ஒரு மான் கடந்தால் ஐந்து மானுக்குக் காத்து நிற்பேன். அப்படி நிற்கும்போதெல்லாம் எதிர்ப்பக்க ஓரத்தைப் பார்க்காமல் இருக்க என்னால் முடிவதில்லை.

வான்காரா, நான் ஹோன் அடித்ததையும் வாய் மூடி நின்றதையும் ஊரறிய எழுதிவிட்டேன். உன்னைக் கேட்க எனக்கு ஒரே ஒரு கேள்விதான். மானைத் தூக்கப் போனபோது அந்த மனிதர் உன்னைப் பார்த்துக் கை நீட்டினார். கண்டாயா, காணவில்லையா? பெயர் போடாவிட்டாலும் பரவாயில்லை, பத்திரிகையின் இதே பக்கத்தில் எல்லாரும் வாசிக்கப் பதில் எழுது. அந்த மனிதரும் இதை வாசிக்கிறவர்.